சூடேறிய சல்லி

ஏரிக்கரையில் கேம்பர் வான்கள் நிற்பதற்குச் சல்லி பரப்பி மட்டமாகத் தளம் போடுவதில் தவமலரை மிஞ்ச ஆளில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரியைத் துளைத்துப் பனிக்கட்டியின் தடிப்பை அளந்து, வண்டியை இறக்கலாமா என்று சொல்பவளும் அவள்தான். காலையில் அருந்தவநாதனுக்கு இறக்கலாம் என்று சொல்லியிருந்தாள். மத்தியானம் வந்து பார்த்தால், பனிக்கட்டியில் நின்ற அவருடைய வானைச் சுற்றிலும் கருஞ்சல்லி வெயிலில் கிடந்தது.

“கால் சறுக்குது தங்கச்சி. உங்கட தளத்தில மிஞ்சினதை அள்ளிப் போட்டனான். ஐஸ் பதினாறு அங்குலத் தடிப்பு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“காலமை கல்லு இருக்கேல்லை, அண்ணை.”

தவமலர் குந்தியிருந்து ஒரு கல்லை எடுத்தாள். அது கிடந்த இடத்தில் அதே வடிவில் ஒரு குழி, நிறையத் தண்ணீர். கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

“வானுக்குள்ளை என்ர மனுசி நித்திரை,” என்றார், குரல் இறங்கி.

“எழுப்பிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. திறப்பைத் தாங்கோ.”

அவர்கள் கரையேறும்வரை காத்திருந்தாள். பிறகு சாவியோடு ஏறி, பனிக்கட்டி உடைந்தால் குதிக்கத் தோதாகப் பெல்ட் போடாமல், கதவைத் திறந்து வைத்தபடியே வானைக் கரையை நோக்கிக் கிளப்பினாள். ஏரி ஒருமுறை முனகியது. கரையில் நின்ற அருந்தவநாதன், கல்லைக் கீழே போடத் துணியாமல் கையை இறுக மூடிக்கொண்டார்.