கிளேர் அழித்த வரிகள்

கலர் என்ற இங்கிலீஷ் சொல்லுக்குள் ஒரு யூ எழுத்தைச் செருகினாள்.

எடுத்தாள்.

மறுபடி செருகினாள்.

இப்படி ஒரு பிழை இருந்தால் மனுஷி எழுதியது என்று நம்புவார்கள். ஆனால் அமெரிக்காவில் பிறந்தவள் அந்த யூவைப் போடமாட்டாள். லண்டன்காரி போடுவாள். கரூர் கான்வென்டில் படித்தவளும் போடுவாள்.

எடுத்துவிட்டாள்.

இங்கே மாலை மணி ஐந்து. இன்னும் அரை மணி நேரம்.

மார்லாவின் மெயில் திரையில் அப்படியே இருந்தது. அமெரிக்காவில், ஓஹையோவில் விதைக் கடை வைத்திருக்கும் அம்மாள். கடையின் இணையதளத்துக்குத் தோட்டக் கட்டுரைகள் எழுதி வாங்குபவர்.

'உங்கள் கட்டுரையைச் சோதித்தோம். கம்ப்யூட்டர் எழுதியது என்று வருகிறது. ஒரு பிழைகூட இல்லை, கிளேர். நீங்களே எழுதியதென்றால், நீங்கள் கட்டுரைகள் எழுதும் கோப்பின் பழைய பிரதிகளை எங்கள் பார்வைக்குத் திறந்துவிடுங்கள். எங்கள் நேரம் காலை எட்டு மணிக்குள். இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்வோம்.'

பிழை இல்லாததுதான் பிழையாம். கொடுமை.

ஒவ்வொரு கட்டுரையையும் மூன்று முறை சலித்தவள் அவள். பள்ளியில் படித்த இங்கிலீஷில் முதலில் கடகடவென்று எழுதுவாள். அப்புறம் யூக்களைப் பிடுங்குவாள். எஸ் இருந்த இடத்தில் இஸட் வைப்பாள். கடைசியாக ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். ஒரு யூ தப்பினாலும் வேஷம் கலைந்துவிடும் என்று பயம்.

சொந்தப் பெயரில் நாலு மாதம் விண்ணப்பித்தாள். லண்டனுக்கு ஒரு விதம், அமெரிக்காவுக்கு ஒரு விதம் என்று எழுத்துக்கூட்டி அனுப்பினாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

பெயரை கிளேர் என்று மாற்றினாள். ஊரை அமெரிக்காவின் ஓரிகன் என்று மாற்றினாள். மறுநாளே மார்லா வந்தார்.

ஐந்து மாதமாக மார்லா மட்டும்தான். வேறு வேலை கிடையாது.

வேலையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஜனவரியில் மார்லாவின் கணவர் வால்டர் தவறிப்போனார். அதிலிருந்து ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அவரைப் பற்றி ஒரு பத்தி வரும். கிளேர் அதற்கு ஆறுதல் எழுதுவாள். இதமாக எழுதுவாள்.

பழைய பிரதிகளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

எழுத்து ஓடாதபோது மனதில் வருவதை அந்தப் பக்கத்திலேயே தமிழில் தட்டிவிடுவாள். பிறகு அழிப்பாள். அழித்ததை எல்லாம் கம்ப்யூட்டர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது.

ஒருமுறை திறந்து பார்த்தாள்.

தக்காளி நாற்றுக்கு நடுவில்: இந்தப் பனிய நான் கண்ணால பாத்ததே இல்ல.

பூசணிக்குக் கீழே: யாராச்சும் கண்டுபிடிச்சுத் தொலைங்களேன்.

மார்ச் பதினாலு: பாவம் மார்லா. அவர் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னாடியே தொங்குதாம். எடுக்க மனசு வரலையாம். இதுக்கு கிளேர் என்ன சொல்லுவா? எனக்குச் சொல்லத் தெரியும். அவளுக்குத் தெரியல.

எழுந்தாள்.

தண்ணீர் பிடித்தாள். குடிக்கவில்லை. மாடிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. எடுக்காமல் இறங்கி வந்தாள்.

காட்டாவிட்டால் மெஷின். காட்டினால் மோசடிக்காரி. எப்படிப் பார்த்தாலும் வேலை போகும்.

அவள் கணவன் பூபதி டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றான். மெயிலை முழுக்கப் படித்தான்.

"காட்டிரு புள்ள. மெசினுன்னு பேரு வாங்கறதுக்குப் பொய்க்காரின்னு பேரு வாங்கிக்கலாம்."

சொல்வது சுலபம். அவனுக்கென்ன.

ஐந்து இருபத்தெட்டுக்குத் திறந்துவிட்டாள்.

பக்கத்தின் மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் வந்தது. அதற்குள் மார்லாவின் பெயரின் முதல் எழுத்து. உள்ளே வந்துவிட்டார்.

ஐந்து நிமிடம்.

பத்து.

வட்டம் போகவில்லை. நகத்தைக் கடித்தாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். பூபதியின் டீயை எடுத்துக் குடித்துவிட்டாள்.

தமிழை மொழிபெயர்த்துப் பார்க்க ஒரு நொடி போதும். பார்த்திருப்பார். எந்த வரியில் நிற்கிறாரோ.

வட்டம் மறைந்தது.

ஆறு மணிக்கு மெயில் வந்தது.

'கம்ப்யூட்டர் எழுதவில்லை என்று தெரிந்துகொண்டேன். சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள்.'

ஒரு நொடி உயிர் வந்தது.

கீழே கொஞ்சம் வெற்றிடம். அதற்கும் கீழே இன்னொரு வரி.

'என் வால்டரைப் பற்றி இத்தனை நாள் நான் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?'

பதில் எழுத ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்திலேயே கிளேரின் குழைவு வந்துவிட்டது. அழித்தாள். வேறு மாதிரி தொடங்கினாள். அதுவும் கிளேர்தான்.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மெயிலை மூடினாள். தலையைக்கூட வாரிக்கொள்ளவில்லை. வீடியோ அழைப்பை அழுத்தினாள்.

ஓஹையோவில் மணி அடிக்கத் தொடங்கியது.