கேபிளுக்குப் பூக் கேட்டது

“பூக் கேக்காம பழைய ஒயருல ஒண்ணக்கூடத் தொடக்கூடாது கண்ணு” என்றார் முதலாளி ஆத்தப்பன்.

ரோஸ்மேரி தலையாட்டினாள். இந்தப் பனியன் கம்பெனிக்கு வந்ததிலிருந்து இது அவளுக்குப் பழகிவிட்டது. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று தனித்தனியாகக் கிடக்கும் ஷெட்டுகளை ஒரே கம்ப்யூட்டர் லைனில் இணைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. இடத்தை அளந்தது, கேபிள் இழுத்தது, போன் லைன் மாற்றியது, ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் கேட் ஓரத்துப் பிள்ளையாரிடம் உத்தரவு கேட்டாக வேண்டியிருந்தது.

ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி. இன்னொன்றில் செவ்வரளி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

இதுவரை வெள்ளைதான் வந்திருந்தது. இனி கடைசி வேலை. நாளை ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு ஷெட்டிலும் இருக்கும் பழைய லைனைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு மாற்ற வேண்டும்.

பொட்டலம் கட்டும் வேலையை ஆரம்பத்திலேயே அவளிடம் கொடுத்துவிட்டார் ஆத்தப்பன். “எங்காளுக கட்டுனா ஆளுக்கொரு ஆசை இருக்கும். நீ வெளியூரு. சாமியும் வேற. உனக்குத்தான் எந்தப் பக்கமும் கெடையாது.”

போன் அடித்தது. அவளை இங்கே அனுப்பிய கம்ப்யூட்டர் நிறுவனத்தின் மேலாளர் கதிர்வேல்.

“திங்கக்கிழமை காலைல அங்க புது சிஸ்டம் ஓடணும் ரோஸ்மேரி. இல்லைன்னா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் யார்கிட்டயும் கேக்க முடியாது. பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போயிரு.”

“ஓடும் சார். எல்லாம் ரெடி. பூ மட்டும்தான் பாக்கி.”

“என்ன பூ?”

“ஒண்ணுமில்ல சார்.”

அவள் போட்ட திட்டத்தில் மழைக்குக்கூட இடம் விட்டிருந்தாள். பூவுக்கு விடவில்லை.

பொட்டலங்கள் இரண்டும் பிள்ளையார் முன்னால் தட்டில் இருந்தன. ஆத்தப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“திங்கக்கிழமையிலிருந்து எப்படிங் கண்ணு? மறுக்காச் சொல்லு.”

எத்தனையாவது தடவையோ. களைப்பை மறைத்துக்கொண்டு சொன்னாள். “நீங்க இனிமே அலையவே வேண்டாங்க ஐயா. ரூம்ல உக்காந்தா போதும். எந்த ஷெட்ல எத்தனை பீஸ் முடிஞ்சுது, யாரு வரலை, எல்லாம் ஸ்கிரீன்ல வந்துரும்.”

“ஷெட்டுப் பக்கமே போக வேண்டியதில்லையா?”

“தேவையே இல்லைங்க ஐயா!”

ஆத்தப்பன் தையல் ஷெட்டைப் பார்த்தார். “நம்ம அன்புசெல்விக்குப் பேரன் பொறந்திருக்குது. நேத்து உள்ள போனப்பத்தான் சொன்னா. சக்கரை கொடுத்தா. அதெல்லாம் ஸ்கிரீன்ல வருமா?”

“அது வராதுங்க” என்று சிரித்தாள் ரோஸ்மேரி.

அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். “கற்பூரத்தை என்ர டேபிள் மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். ஓடிப்போயி எடுத்துட்டு வா கண்ணு.”

போகும் வழியில் அம்மாவின் வாய்ஸ் மெசேஜைக் கேட்டாள். ‘ஏத்தா ரோசு, சாப்ட்டியா? ஒனக்கு வேலை நெலைச்சிருச்சுன்னு ஒங்கப்பா ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறாக. நெசந்தானத்தா?’

பதில் அனுப்பாமல் போனைப் பைக்குள் போட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் திரும்பி வந்தபோது, டீ போடும் பெரியாத்தாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பூ எடுப்பது எப்போதும் அவள்தான்.

“நானு எடுத்தா வெள்ளையேதானுங்க வரும். என்ர கைராசி அப்படி” என்றாள்.

“பேசாம எடு ஆத்தா.”

கற்பூரம் எரிந்தது. பெரியாத்தாள் கண்ணை இறுக மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

செவ்வரளி.

“அது எப்படிங்க?” ரோஸ்மேரிக்கு வாய் தவறி வந்துவிட்டது.

ஆத்தப்பன் நிதானமாகத் திரும்பினார். “ஏங் கண்ணு, செவப்பும் ஒண்ணு வெச்சுத்தானே கட்டுனே?”

“ஆ... ஆமாங்க.”

“அப்பறமென்ன. ஒரு நாளைக்கு அதும் வரத்தானே செய்யும்.”

“ஐயா, இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கலாங்களா? என் வேலையே இதுலதான் இருக்குங்க.”

“சாமிகிட்டப் பேரம் பேசக்கூடாது. பழசே ஓடட்டும். உன்ர மேல ஒரு குத்தமும் இல்லைன்னு உங்க ஆபீசுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்.” செருப்பை மாட்டிக்கொண்டவர், “மொகமே வாடிக் கெடக்குது. ஒரு டீ குடிச்சுட்டுப் போ சாமி” என்று சொல்லிவிட்டுத் தையல் ஷெட்டுக்குள் நுழைந்தார். “வாங்கய்யா, வாங்கய்யா” என்று உள்ளே குரல்கள் எழுந்தன.

பெரியாத்தாள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தபடி டீ போடப் போனாள்.

ரோஸ்மேரி தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள்.

அதுவும் செவ்வரளி.

ஆத்திரம் தலைக்கேறியது. பொட்டலத்தோடு ஷெட் வாசல்வரை வேகமாகப் போனவள் அப்படியே நின்றாள். உள்ளே போய் எந்த வாயால் கேட்பது? எப்போதும் போல இன்று காலையிலும் இரண்டு பொட்டலத்திலும் அவள் வைத்துக் கட்டியது வெள்ளை அரளிதான்.