நாற்பத்தேழாவது ஊர்

"நாற்பத்தேழு!" என்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அறிவித்தார் மேனேஜர். மனைவி தலையாட்டிவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

ஒரு தடவை பார்த்த ஊருக்கு மறுதடவை போவதில்லை என்பது மேனேஜரின் கொள்கை. முடித்த ஃபைலை யாராவது திரும்பக் கொண்டுவந்து நீட்டினாலே ஆபீஸில் எரிந்து விழுந்தவர், ஊர்களையும் அப்படித்தான் நடத்தினார். எந்த ஊர், எந்த பஸ் என்பதெல்லாம் மனைவி பாடு. எண்ணிக்கை மட்டும் அவருடையது.

வேலையில் இருந்தவரை எந்த ஊருக்கானாலும் காதில் போனோடு போவார், காதில் போனோடு திரும்புவார். ரிட்டயர் ஆகி இரண்டு மாதமாயிற்று. இப்போது அந்தப் போனைச் சீண்டுவாரில்லை.

மனைவிக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. மனசுக்குப் பிடித்த இடத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் உட்கார வேண்டும். முப்பது வருடமாக அவள் வாயைத் திறந்தாலே, "அதான் பார்த்தாச்சே!" என்று அடைத்துவிடுவார்.

விடுதியில் பையை வைத்த கையோடு, அவள் யாரையும் கேட்காமல் சமையலறைக்குப் பின்னாலிருந்த சந்தில் நுழைந்தாள்.

"வழி தெரியாம எங்கயாவது கொண்டுபோய் மாட்டிவிடப் போற" என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார் மேனேஜர். சந்து முடிந்த இடத்தில் ஏரி.

எதிர்க்கரை மலை மொத்தமும் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் அசையவில்லை, கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு வயதான தம்பதி. "நல்லாருக்கில்ல? நாங்க வருஷா வருஷம் வந்துடுவோம். இது ஒன்பதாவது தடவை" என்றார் அந்தப் பெரியவர்.

மேனேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்பதா? உலகத்துல வேற ஊரே இல்லையா சார்? பார்த்ததையே பார்க்க என்ன இருக்கு?"

"ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதாவது கண்ணுல படுதே."

"அப்போ முதல் தடவை ஒழுங்கா பார்க்கலைன்னு அர்த்தம். சில பேருக்குக் கண்ணு இருந்தும் பிரயோஜனமில்ல. என்னைப் பாருங்க, ஒரே பார்வைதான். ஜென்மத்துக்கும் மறக்காது!"

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. மேனேஜரின் மனைவிக்கு உடம்பே கூசியது. தம்பதி எழுந்து நடந்ததும், மேனேஜர் அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"ஏம்மா, நாளைக்கு அடுத்த ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கியே, அதை கேன்சல் பண்ணிடு. நாலு நாள் இங்கயே இருந்துட்டுப் போலாம்."

அவள் சட்டென்று போனை எடுத்தாள். டிக்கெட் ரத்தானது உறுதியாகும் வரை வாயைத் திறக்கவில்லை.

மேனேஜர் ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமலே குறைபட்டுக்கொண்டார். "ஊர் ஊரா என்னை இழுத்துட்டுப் போனியே, இப்படி ஒரு இடத்தை முன்னாடியே காட்டணும்னு உனக்குத் தோணலையா?"

"காட்டினேனே, ரெண்டு தடவை!"