மருந்து மட்டும் போட்ட குழி

நுண்ணோக்கியின் முன்னால் தலைமை ஆய்வாளர், அவர் பக்கத்து முக்காலியில் உதவியாளன், கதவோரம் தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி ஓட்டுநர். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. தட்டிலுள்ள சிறு குழிகளில் நுரையீரல் செல்கள் ஊதாவாகப் படர்ந்திருக்க, கொரோனா வைரஸ் தின்ற இடமெல்லாம் வெள்ளை ஓட்டைகள். புது மருந்து சேர்த்த குழிகளில் ஓட்டை குறைவு. போன தடவை அதைப் பார்த்துத்தான் எல்லாரும் துள்ளினார்கள். ஆய்வாளரின் விரல் கடைசிக் குழியின்மேல் நிற்கிறது. “இதுல வைரஸே போடலியே?” “இல்லக்கா, மருந்து மட்டுந்தான்.” “அப்புறம் ஏன்டா சல்லடையா கிடக்கு?” உதவியாளன் பழைய குறிப்பேட்டைப் புரட்டுகிறான். போன தடவை அவசரத்தில் இந்தக் குழியை வைக்காமல் விட்டிருந்தார்கள். மருந்தே செல்லைக் கொல்கிறது.

அந்த மருந்து காலையிலிருந்து மருத்துவமனையில் ஆய்வாளருடைய தம்பியின் உடம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது. “அக்கா கைமருந்து, கண்ண மூடிட்டுப் போட்டுக்குவேன்” என்று சிரித்தபடி சம்மதித்தவன். தொலைபேசியில் சொல்லியாயிற்று, கையெழுத்திட்ட கடிதம் வராமல் நிறுத்த மாட்டார்களாம். ‘மருந்தை உடனே நிறுத்தவும்’ என்று எழுதுகிறார். வெயில் தாளின்மேல் சாதுவாகக் கிடக்கிறது. உறையை ஒட்டி நீட்டுகிறார். “ரொம்ப அவசரமாக்கா?” என்கிறார் ஓட்டுநர். “சொட்டுச் சொட்டா ஏறிக்கிட்டிருக்குப்பா. அவ்வளவு அவசரம்.” உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓட்டுநர் படியிறங்கி ஓடுகிறார்.