பேர் தெரியாத பெட்டி

"தொடாதீங்கன்னு சொன்னாங்களா? அப்போ கண்டிப்பா திறந்து பாக்கணும்யா!" என்றார் தலைவர்.

செயலாளர் தலையாட்டினார். அவருடைய பதவிக்கு அதுதான் வேலை.

'பழம்பெரும் பயணக் கணினிகள் பாதுகாப்புப் பேரவை' என்ற பெயர்ப்பலகை, அது தொங்கிய அறையைவிடப் பெரியது. அறை, மூடிக்கிடந்த ஒரு கடையின் நிலவறை. ஒரே ஒரு ஜன்னல்; அதில் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மழை விடாமல் பெய்ததில் அன்று செருப்புகளும் இல்லை. சுவர் ஓரமெல்லாம் பெட்டி பெட்டியாக, கைப்பிடி வைத்த பழைய கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கும் உயிர் கிடையாது. பேரவைக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? கூட்டத்துக்கு வருகிறவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். போகிற இடமெல்லாம் அப்படியொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டே அலைந்ததால் அவருக்கு 'சூட்கேஸ்' என்று பேர். கண்காட்சியன்று தலைவர் ஒரு மின்சுற்றுப் பலகையைக் கையில் ஏந்தி, "உலகத்திலேயே இரண்டுதான் உண்டு" என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, "தலைவரே, அது தையல் மெஷின்ல இருந்து கழட்டினது" என்றார் சூட்கேஸ். கூட்டம் சிரித்தது. மறுநாளே அவரை ஆயுட்காலத்துக்கு நீக்கித் தீர்மானம் நிறைவேறியது. அதன்பிறகு இந்த அறையில் சண்டை போட ஆளில்லை. தலைவருக்குப் பகல்கள் நீண்டுவிட்டன.

இன்று காலை, சூட்கேஸின் கம்ப்யூட்டர் வேனில் வந்து இறங்கியிருந்தது.

"சூட்கேஸ் வீட்டம்மா போன்ல சரியா என்னய்யா சொன்னாங்க?"

"'இது பேரவையிலதான் இருக்கணும்னு அவரு ஆசை. பக்கத்துல சொருகியிருக்கிற பெட்டியை மட்டும் தொடாதீங்க. அஞ்சு மணிக்கு நேர்ல வந்து சொல்றேன்'னாங்க, தலைவரே. அதுக்கு மேல பேச முடியல போல, வெச்சுட்டாங்க."

"அவன் பக்கத்துல நின்னு முறைச்சிருப்பான். சவால்யா இது! முடிஞ்சா பேரைக் கண்டுபிடின்னு அனுப்பியிருக்கான். நான் முழிக்கிறதைப் பாக்க அஞ்சு மணிக்கு ஆஜராயிடுவான், பாரு."

பெட்டி சோப்பு டப்பா அளவில், அலுமினியத்தில் இருந்தது. கூடுதல் கருவிகளைச் சொருகும் பக்கவாட்டுப் பொந்தில் நகமும் சதையுமாகப் பொருந்தியிருந்தது. தயாரித்தவன் பேர் இல்லை, எண் இல்லை. தலைவர் காலையிலிருந்து புரட்டிய எந்தப் பழைய விலைப்பட்டியலிலும் அது இல்லை. அதற்காக அவர் கலங்கவில்லை. தெரியாத கருவி என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. தெரியாததற்கெல்லாம் அவரே பேர் வைத்துவிடுவார்.

ஆனால் இன்று குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னைக்கு நான் ஜெயிச்சாகணும்யா. ஜெயிச்சாத்தான் அவனை மன்னிச்சு உள்ள சேர்த்துக்க முடியும். தோத்துட்டு மன்னிச்சா அதுக்குப் பேரு சரணாகதி."

பெட்டியை உருவிக் குலுக்கினார். உள்ளே சரசரவென்றது. திருகாணிகளைக் கழற்றினார். மூடி திறந்ததும் செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தலைவரே, ஒரே தூளா இருக்கு?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "பேட்டரிய்யா! நினைவகத்துக்குன்னு உள்ள ஒரு பேட்டரி வெப்பான். வருஷக்கணக்கா கிடந்தா கசிஞ்சு, காஞ்சு, பூத்துப்போயிடும். எத்தனை மெஷின்ல பாத்திருக்கோம்!"

"அது பச்சையால்ல பூக்கும்? இது நரைச்ச மாதிரி இருக்கே."

"வயசானா உனக்கு நரைக்கலையா?"

"கம்ப்யூட்டர் சில்லு ஒண்ணுகூடக் காணோமே?"

"கசிஞ்ச பேட்டரி செம்பையே தின்னும். சில்லு எம்மாத்திரம்? போய் வினிகரை எடு."

தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே களத்தில் இறங்கினார். தொட்டியில் தூளைக் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் கலங்கிச் சுழன்று இறங்கியது. பழைய பல் துலக்கியை வினிகரில் தோய்த்து, மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். ஒட்டியிருந்த கடைசித் துணுக்கைக்கூட நகத்தால் சுரண்டிக் கழுவினார். துடைத்து, மூடி, பொந்தில் பழையபடி சொருகியபோது பெட்டி கண்ணாடி போல மின்னியது. பக்கத்தில் ஓர் அட்டையும் வைத்தாயிற்று: 'நினைவக விரிவாக்கப் பெட்டி. இனங்கண்டவர்: தலைவர்.'

ஐந்து மணிக்குப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து, வெற்றி பெற்ற முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். சூட்கேஸின் மனைவி நனைந்த குடையோடு தனியாக இறங்கி வந்தார்.

"வாம்மா தங்கச்சி! எங்க உன் வீட்டுக்காரன்? மேலயே நின்னு வீம்பு பண்றானா? இறங்கி வரச் சொல்லும்மா. அவன் போட்ட புதிரையும் அவிழ்த்தாச்சு, அவனைத் திரும்பவும் பேரவையில சேர்த்தாச்சு. இந்தச் செயலாளரோடயே எவ்வளவு நாள்தான் நான் பேசுறது?"

அந்தம்மாள் நேராக மேஜைக்குப் போனார். பக்கவாட்டில் மின்னிய பெட்டியை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"பளபளன்னு துடைச்சு வெச்சிருக்கீங்களே, அண்ணா. ரொம்ப நன்றி. அவருதான் காலையிலேயே வந்துட்டாரே! போன வாரம் தகனம் முடிஞ்சதும், இதுக்குன்னே அவரு கையால செஞ்சு வெச்சிருந்த இந்தப் பெட்டியில, ஒரு பிடி சாம்பலைப் போட்டு நான்தான் திருகி மூடினேன். 'உசுரோட போனா வெளிய தள்ளிடுவான், இப்படிப் போனா தலைவன் என்னை என்ன பண்ணிட முடியும்'னு கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."