அய்யாதுரையின் நெஞ்சு

டிரெட்மில் பெல்ட்டின் வேகம் கூடியது. காலுக்குக் கீழே மேடு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“நெஞ்சு இறுக்குதா அண்ணாச்சி? முகமே வெளுத்திருச்சு. வீம்புக்கு ஓடாதீக,” என்றாள் மெஷினை இயக்கும் ஸ்ரீமதி.

“வெறும் வயித்தோட வரச் சொன்னீக. ஓடவாச்சும் விடு தாயி.”

வலி இடது தாடையில்தான் ஆரம்பித்தது. பல்வலி என்று நினைத்தான். பிறகு அது தோளுக்கு இறங்கியது.

நடு நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தான். தாடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இப்போது இறங்க முடியாது.

இதில் தேறினால்தான் அய்யாதுரையைப் பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் மறுபடி விடுவார்கள். போன மாதம் அந்த அறை வாசலில் அய்யாதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை மேனேஜர் பார்த்துவிட்டார். கலவைத் தட்டோடு ஒருவன் மயங்கி விழுந்தால் அந்த அறை மிஞ்சாது. டாக்டர் சான்றிதழ் இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவும் தீபாவளி சீசன் நேரத்தில்.

அவன் கைப்பிடியை இறுக்கினான். வெயிலில் லோடு ஏற்றும்போதுகூட இப்படி வேர்த்ததில்லை. நேற்றுத் தின்ற எண்ணெய் பரோட்டாதான் வாயுவாகக் குத்துகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்கள் அவனைக் கேட்காமலே எல்லாவற்றையும் திரையில் வரைந்துகொண்டிருந்தன.

டாக்டர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“நிறுத்தும்மா.”

அவனைப் படுக்கவைத்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார்கள்.

“ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைச்ச மாதிரி தெரியுது அய்யாதுரை. ரொம்ப நாளாப் படிஞ்சிருக்கும், வலிக்கிற வரைக்கும் காட்டிக்காது. இன்னைக்கே மதுரைக்குப் போகணும். கூடப் பிறந்தவங்க யாருக்காவது இது இருக்கா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இருக்கிறது என்று சொன்னால், யாருக்கு என்று கேட்பார்.

ஸ்ரீமதி கதவைத் திறந்தாள். “அய்யாதுரை கூட வந்தது யாரு?”

வெளியே பெஞ்சிலிருந்து அய்யாதுரை எழுந்தார்.

‘நீ குதிரை மாதிரி இருக்கே, எம் பேரைச் சொல்லி நீ ஏறு’ என்று தம்பியை உள்ளே அனுப்பிவிட்டு, அவ்வளவு நேரமும் காத்திருந்தவர். கட்டிலருகே வந்து தம்பியின் காதுப் பக்கம் குனிந்தார்.

“பாஸாகிட்டியாலே?”