பின்லாந்து கார்டு எங்கே போயிருந்தது?

“இந்த முத்திரையைப் பாரு ராணி. நம்ம போஸ்ட் ஆபீசுக்கு எட்டாம் தேதியே வந்திருக்கு. என் கைக்கு வந்தது நேத்து, பன்னெண்டாம் தேதி. நாலு நாளா இந்தக் கார்டு எங்க போயிருந்துச்சு?”

இன்னாசிராஜ் பூதக்கண்ணாடியை மேஜை மேல் வைத்தார். அவர் மனைவி லூர்துராணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“எங்கயோ போயிட்டு வந்திருச்சில்ல, விடுங்களேன்.”

“எப்படி விடறது? பழைய கார்டெல்லாம் எடுத்துப் பார்த்துட்டேன். மூணு மாசமா இதே கூத்துதான் நடக்குது.”

பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அதில் முப்பது வருஷம் சங்கத்துக்காரர். ரிட்டயரான பிறகு கோஷம் போடவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. வீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தவருக்கு, பெங்களூரில் இருக்கும் மகள் லின்சிதான் போனில் அந்தக் கார்டு பரிமாறும் வித்தையைக் காட்டிக் கொடுத்தாள்.

முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு இவர் ஒரு கார்டு போட வேண்டும். அது போய்ச் சேர்ந்தால், வேறு ஏதோ நாட்டிலிருந்து முன்பின் தெரியாத யாரோ இவருக்கு ஒன்று போடுவார்கள். இவர் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் கோபுரம் என்று அனுப்புவார். அங்கிருந்து பனியும் படகும் பூனையும் வரும். தன்னைப் பற்றி எழுதச் சொன்ன இடத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே ஒரு கேள்வி: ‘உங்கள் ஊரில் தினம் எத்தனை மணி நேர வேலை?’

அதற்கும் மனுஷர்கள் ஒழுங்காகப் பதில் எழுதினார்கள்.

கார்டு வந்த அன்றைக்கு, “ராணி, அடுப்பை அணைச்சிட்டு வா” என்பார். பக்கத்தில் உட்காரவைத்து, இங்கிலீஷைத் தமிழாக்கிப் படிப்பார். நேற்று வந்தது பின்லாந்தில் பஸ் ஓட்டும் ஒரு பெண் எழுதியது. குளிர்காலத்தில் அங்கே இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே திரும்புவார்களாம். காபி ஆறிப்போகும்வரை பேசினார்.

இன்று காலையில்தான் முத்திரை கண்ணில் பட்டது.

“அந்தத் தபால்காரம்மா ஆனந்தவள்ளியோட வேலைதான். வெளிநாட்டு ஸ்டாம்ப்பைப் பார்த்ததும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுது. எனக்கு வராம போனது எத்தனையோ!”

மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அரை மணி நேரத்தில் தேதிவாரியாக எழுதி, இரண்டு நகலும் எடுத்து, சட்டையை மாட்டினார்.

“நானும் வரேன்” என்றாள் ராணி.

“நீ எதுக்கு?”

“சும்மாதான்.”

முப்பது வருஷத்தில் ஒரு மறியலுக்கும் வராதவள்! தோளைக் குலுக்கிவிட்டு முன்னே நடந்தார். வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அது வழக்கம்தான்.

போஸ்ட்மாஸ்டர் சடகோபன் ஸ்ரீரங்கத்துக்காரர். மனுவை இரண்டு தடவை படித்தார்.

“எட்டாம் தேதி மூணு கார்டு சேர்ந்து வந்திருக்குங்கறேள்.”

“ஆமா. அன்னைக்கு ஒண்ணுதான் கொடுத்தாங்க. பத்தாம் தேதி ஒண்ணு, பன்னெண்டாம் தேதி ஒண்ணு. மூணுலயும் ஒரே முத்திரை. இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?”

ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டார்கள். பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“கார்டை நிறுத்தி வச்சது வாஸ்தவமாம்மா?”

“ஆமா சார்.”

“ஏன்?”

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராணியை ஒரு தரம் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒண்ணுகூடத் தொலைச்சதில்ல சார். அது மட்டும் சத்தியம்.”

“கேட்டதுக்குப் பதில் இல்ல பாருங்க!” என்றார் இன்னாசிராஜ்.

சடகோபன் குரலைத் தாழ்த்தினார். “சார், இவ தற்காலிகம்தான். நிரந்தரம் பண்ணச் சொல்லி ஃபைல் இப்பத்தான் மேல போயிருக்கு. பின்னாடியே உங்க மனுவும் போச்சுன்னா, அது அங்கேயே நின்னுடும். செத்த யோசிங்கோ.”

தற்காலிகத் தொழிலாளரை நிரந்தரமாக்கு என்று கத்திப் பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தவர் இன்னாசிராஜ். ஆனாலும் மனுவைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை.

“தொழிலாளின்னா தப்பு பண்ணலாம்னு நான் எந்த மேடையிலயும் பேசினதில்ல சார். மெமோ கொடுங்க.”

ஆனந்தவள்ளி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். சடகோபன் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

பெஞ்சு கிறீச்சிட்டது. ராணி எழுந்து வந்தாள்.

“அவ பேரை எழுதாதீங்க சார். என் பேரை எழுதிக்குங்க. நான்தான் அப்படிக் கொடுக்கச் சொல்லி அவகிட்ட கெஞ்சினேன்.”

“நீங்களா? எதுக்கும்மா?”

ராணி கணவர் பக்கம் திரும்பவில்லை.

“கார்டு வர்ற அன்னைக்குத்தான் சார் இவர் என்னைப் பக்கத்துல உட்காரவச்சுப் பேசுறாரு. மூணும் ஒண்ணா வந்தா எனக்கு ஒரு நாள். பிரிச்சுக் கொடுத்தா மூணு நாள்.”